கல்லறைக்குத் தொடுத்த மலர்



ஐப்பசி மழை பெய்யும் நாள்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்லறைத் தோட்டங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆண்டு முழுவதும் புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும் அவ்விடங்கள், நவம்பர் 2 ஆம் நாள் மாலையில் வேறோர் உருவம் கொள்கின்றன. களை அகற்றி, வெள்ளை பூசிய கல்லறைகளின் மீது மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக மலர்ச் சிலுவைகளும் மலர் வளையங்களும் அமர்கின்றன. இருள் சூழ்ந்ததும் மெழுகுவத்திகள் ஒளிர்கின்றன. கத்தோலிக்க மக்கள் இதனைக் கல்லறைத் திருநாள் என்பர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராயிருந்த ஓடிலோ என்பவர், இறந்தோர் அனைவரையும் நினைந்து மன்றாடுவதற்கென இந்நாளைத் தம் மடங்களில் வகுத்தார். நாளடைவில் அவ்வழக்கம் பல நாடுகளிலும் பரவியது.

அத்திருநாளின் வரலாற்றை விரித்துரைப்பது என் நோக்கமன்று. அன்று கல்லறையில் வைக்கும் மலர் வளையத்தை வீட்டிலிருந்தே கையால் செய்யும் வேலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு எட்டு வயது நிரம்பு முன்பே என் தந்தையார் காலமானார். ஆண்டுதோறும் அவருடைய கல்லறைக்கு வேண்டிய வளையத்தை அம்மாவே செய்வார். முதல் நாள் விடியற்காலையில் என் மாமா தோவாளைப் பூச்சந்தைக்குச் சென்று, ஈரத்துணியில் மூட்டை கட்டிப் பூக்களைக் கொண்டுவருவார். கோவிலுக்கும் மணவீட்டுக்கும் பூத்தொடுக்கும் ஊர் தோவாளை. வெள்ளரளி, செவ்வரளி மலர்களையும் நொச்சி இலையையும் மடித்துத் தொடுக்கும் அவ்வூர் மாணிக்கமாலை, 2025 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கோவிலுக்குப் போகும் அதே சந்தைப் பூதான் எங்கள் கல்லறைக்கும் வரும். பூவுக்கு அந்த வேற்றுமை தெரியாது.

வளையம் செய்யும் முறையைக் கேளுங்கள். மூங்கிலைப் பத்தைகளாகச் சீவி, வட்டமாக வளைத்துக் கட்ட வேண்டும். அதன்மேல் நனைத்த வைக்கோலைப் பிரியாகச் சுற்ற வேண்டும். வைக்கோல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதனால் மலர் விரைவில் வாடாது. அதற்குமேல் நெட்டிலிங்க இலையைப் பரப்பிக் கட்ட வேண்டும். பிறகு மூன்று நான்கு பூக்களைச் சேர்த்துச் சிறு கொத்துகளாக்கி, ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தலை மறைக்குமாறு வரிசையாக வாழைநாரால் பிணைக்க வேண்டும். நாரை நனைக்காவிட்டால் அது ஒடியும். மிக இறுக்கினால் காம்பை அறுக்கும். தளர விட்டால் மழையில் அவிழும். கடைசிக் கொத்தின் காம்பை முதற்கொத்தின் அடியில் செருகி முடிக்க வேண்டும். தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாமற் போனால் வளையம் நன்றாக அமைந்தது என்று பொருள்.

இந்த வேலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். கொத்துகளை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த நேரத்தில் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவார். மற்ற நாள்களில் அவர் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பா சூடான சோற்றை உண்ண மாட்டார். குடையை மறந்துவிட்டு வருவார். கணக்கில் கெட்டிக்காரர், ஆனால் கடன் கொடுத்தவற்றைக் குறித்து வைக்க மாட்டார். கொத்துக்கு ஒன்றாக இப்படி ஏதேனும் ஒரு செய்தி வரும். என் தந்தையாரை நான் அறிந்துகொண்டது புகைப்படத்தைப் பார்த்தன்று. அந்த வைக்கோல் பிரியின் அருகில் அமர்ந்துதான்.

ஆண்டுகள் கழிந்தன. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கி, பின்னர் அடியோடு மறைந்தது. ஓராண்டு நான் திருநாளன்று முற்பகலில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். பூச்சந்தைக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கருகில் ஒரு கடையில் பிளாஸ்டிக் மலர் வளையம் ஒன்றை வாங்கினேன். பார்வைக்கு அது குறையொன்றும் இல்லாததாகவே இருந்தது. கல்லறையில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா, “என்ன பூ வைத்தாய், மக்களே?” என்று கேட்டார்.

“கேந்தியும் வாடாமல்லியும் அம்மா” என்றேன்.

அவர் என் கையைத் தேடிப் பற்றி, முகத்தருகே கொண்டுபோனார். கேந்திப்பூவைக் கட்டியவர்களுக்குத் தெரியும். சோப்பிட்டுக் கழுவினாலும் அதன் காரமான வாசனை விரல்களை விட்டு எளிதில் போகாது. சற்று நேரம் கழித்து, “கையில் மணமில்லையே, மக்களே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த திருநாள் வருமுன் அவரும் மறைந்தார்.

நண்பர்களே, என் பொய்யை விட எனக்கு அதிகமாக உறுத்தியது வேறொன்று. அந்த ஆண்டில் நானும் அம்மாவும் அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வளையத்தை வாங்கியதால் மூன்று மணி நேரம் மிச்சமாயிற்று. மிச்சமான நேரத்தை நான் எதற்குச் செலவிட்டேன் என்பது இன்று நினைவில்லை.

இறந்தோருக்கு மலர் சூட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 264 ஆம் பாட்டு, போரில் மாண்ட ஒருவனுக்கு நட்ட கல்லைப் பற்றியது. அக்கல்லில் அவன் பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டி, செந்நிற மலர்க்கண்ணி அணிவித்தனர். அக்கண்ணியை எதனால் தொடுத்தனர் என்பதையும் புலவர் விடாமல் சொல்கிறார். மரல் என்னும் செடியைக் கிழித்தெடுத்த நாரால் தொடுத்தனராம். துயரத்தின் நடுவிலும் யாரோ ஒருவர் அமர்ந்து அந்த நாரைக் கிழித்திருக்கிறார். அந்தக் கை புலவரின் கண்ணில் பட்டிருக்கிறது.

கடல்கடந்த நாட்டிலும் இதுவே நிகழ்கிறது. நாம் கேந்தி என்றும் துலுக்கச் செவ்வந்தி என்றும் சொல்லும் மலரின் தாயகம் மெக்சிகோ. அந்நாட்டு மக்களும் நவம்பர் முதலிரு நாள்களில் இறந்தோரை நினைந்து, இதே மலரால் கல்லறைகளையும் வீட்டுப் பீடங்களையும் அணிசெய்கின்றனர். இறந்தவர் வழி தவறாமல் வீடு வந்து சேரட்டும் என்று, இதழ்களைப் பாதைபோலத் தூவி வைப்பதும் உண்டு. 2008 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவர்களையும் எங்களையும் யாரும் கூடிப் பேச வைக்கவில்லை. ஆயினும் ஒரே நாளில், ஒரே மலரின் மணம் இரு நாட்டார் விரல்களிலும் படிகிறது.

அம்மா மறைந்த பின் வந்த முதல் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குப் போனேன். தோவாளைக்கு நானே சென்று பூ வாங்கி வந்தேன். நான் செய்த வளையம் வட்டமாக அமையவில்லை. ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. கடைசிக் கொத்தைச் செருகும் இடத்தில் நார் இருமுறை அறுந்தது. அதனை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, முன்னாண்டு நான் வைத்த பிளாஸ்டிக் வளையம் அப்பாவின் கல்லறையில் நிறம் வெளுத்து, சேறு படிந்து அப்படியே கிடந்தது. அது வாடவில்லை. ஆனால் ஓராண்டு முழுதும், புதிய மலர் கொண்டு வா என்று என்னை அது அழைக்கவும் இல்லை.

வாடும் மலர் ஒரு குறையுடைய காணிக்கை என்று எண்ண வேண்டாம். அது வாடுவதனால்தான் நாம் மீண்டும் அங்கே போக வேண்டியிருக்கிறது. உங்களில் பலருடைய வீடுகளில் கல்லறை வழக்கம் இல்லாதிருக்கலாம். படத்துக்கு மாலையிடும் வழக்கமோ, ஆற்றங்கரையில் நீர் இறைக்கும் வழக்கமோ இருக்கலாம். எதுவாயினும், அதில் ஒரு சிறு பகுதியையேனும் உங்கள் கையால் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் பேசுவார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கொத்து எடுத்துக் கொடுப்பவள் என் மகள். அவள் தன் பாட்டியைப் பார்த்ததில்லை. சென்ற திருநாளில் வாடாமல்லிக் கொத்தை நீட்டிக்கொண்டே, “பாட்டிக்குக் கோபம் வருமா அப்பா?” என்று கேட்டாள். வாழைநாரை நனைத்துக்கொண்டே, அந்த மணமில்லாத கையைப் பற்றிய கதையை அவளுக்குச் சொன்னேன்.