வெல்டிங் புகையும் செல்லின் வயதும்



இயந்திரவியல் படித்து இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் சீக்கிரமே ஏதாவதொரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசராக நிற்கப்போகிறீர்கள். வெல்டர் அண்ணன் ஷீல்டை இறக்கி ஆர்க் பிடித்ததும் ஒரு புகை கிளம்புமே, அது உருகிய உலோகம் ஆவியாகிக் காற்றில் உறைந்த தூள். அதில் ஏராளமான துகள்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியவை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும்.

துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு பெருகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! செல்லோடு வினைபுரிவது அந்தப் பரப்புதான். பாதுகாப்பு வரம்புகளோ பெரும்பாலும் எடையைத்தான் பார்க்கின்றன. விதிவிலக்காக, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-ல் டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்தூளுக்குக் கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம் வரை என்றது. அதே பொருளின் நானோ தூளுக்கு 0.3 தான்.

புகையிலுள்ள இரும்பும் மாங்கனீசும் குரோமியமும் செல்லில் ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்பிவிடும். குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் அதற்குச் சுலபமாக இலக்காகும். செல் பிரியும்போதெல்லாம் இயல்பாகவே தேய்வது, இன்னும் வேகமாகத் தேயும். டெலோமியர் மிகவும் தேய்ந்துபோன செல் பிரிவதை நிறுத்திவிடும். அதோடு சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கும்.

ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் டெலோமியரை அளந்து, உங்கள் வெல்டருக்கு இத்தனை வயது கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிவியல் அவ்வளவு தூரம் போகவில்லை. புற்றுநோயில் அந்தத் தயக்கம் தேவையில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-லேயே வெல்டிங் புகையை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், சேர்த்துவிட்டது.

புகைக்கு மருந்தென்று வெல்லம் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. தாராளமாகச் சாப்பிடட்டும், அது போவது வயிற்றுக்கு. நீங்கள் பார்க்கவேண்டியது புகை உறிஞ்சும் குழாயை. குழாயின் வாயிலிருந்து அதன் விட்டம் அளவுக்குத் தள்ளிப்போனாலே உறிஞ்சும் வேகம் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும். ஆர்டர் அவசரத்தில் குழாயை ஓரமாக ஒதுக்கிவைப்பார்கள். ஆர்க்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தபிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நேரமாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும்.