குதிரைத் தொட்டியில் பாசி



நம் நீலசந்திரா கற்போர் வட்டத்தில் தினமும் பாடம் படிக்கிறோம். இன்று பாடம் இல்லை. ஒரு தொட்டியின் கதையைச் சொல்லப் போகிறேன். அது குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி.

என் தாத்தா குதிரை வண்டி ஓட்டினார். காலையில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போவார். காய்கறி மூட்டை ஏற்றுவார். கல்யாண நாளில் ஊர்வலத்துக்கும் குதிரையைக் கொண்டுபோவார். எங்கள் வீட்டுச் சோறு அந்தச் செவலைக் குதிரை போட்ட சோறு.

குதிரைக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருந்தோம். அதுதான் தொட்டி. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அதனால் பழைய தண்ணீரைக் கொட்ட எனக்கு மனம் வராது. அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவேன்.

கோடை வந்தது. தொட்டி பச்சை ஆனது. கை வைத்தால் வழுக்கியது. குதிரை வாய் வைக்கும், தலையைத் தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிடிவாதம் என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலால் தரையைக் கீறியது. படுத்துப் புரண்டது. சாணம் போடவில்லை. தாத்தா மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.

குதிரை பிழைத்தது. ஆனால் இருபது நாள் வண்டி ஓடவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கினோம். தாத்தா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டியை மட்டும் கவிழ்த்துப் போட்டு, உட்கார்ந்து தேய்த்தார்.

டாக்டர் சொன்னதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலில் வண்டி இழுத்தால் இன்னும் கூடும். குதிரைக்கு மூக்கு கூர்மை. நாற்றம் வந்தால் குடிக்காது. தண்ணீர் குறைந்தால் தின்ற தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். மனிதனைப் போலக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் குதிரைக்கு வயிற்று வலி உயிர் போகும் நோய்.

சரி, பாசி எங்கிருந்து வருகிறது? வெளிச்சம், சூடு, அழுக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் பாசி வளரும். குதிரையின் வாயிலிருந்து தவிடும் புல்லும் தண்ணீரில் விழும். அது பாசிக்கு உரம். மேலே வெயில் படும். பிறகு கேட்க வேண்டுமா?

தொட்டியின் ஓரத்தில் வரும் எல்லாப் பாசியும் நஞ்சு இல்லை. ஆனால் நீலப்பச்சைப் பாசி என்று ஒரு வகை உண்டு. அதில் சில நஞ்சு உள்ளவை. 2020ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் 300க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. குட்டைத் தண்ணீரில் இருந்த இந்த வகைப் பாசியின் நஞ்சே காரணம் என்று அந்த நாட்டு அரசு கூறியது. யானைக்கே அப்படி என்றால் குதிரை எம்மாத்திரம்? எது நல்ல பாசி, எது கெட்ட பாசி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பாசியும் வேண்டாம்.

இனி, தொட்டியை எப்படிக் கழுவுவது?

முதலில் குதிரையைத் தள்ளிக் கட்டுங்கள். தொட்டியைக் கொட்டிலுக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீரை முழுவதும் கொட்டுங்கள். இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

அடுத்து, தேங்காய் நார் அல்லது பிரஷ் கொண்டு தேய்யுங்கள். அடியையும் ஓரத்தையும் மூலையையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழும். அந்தக் கீறலில் பாசி ஒளிந்துகொள்ளும்.

பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். வாரம் தவறாமல் இதைச் செய்தால் மருந்தே தேவை இல்லை.

பாசி கெட்டியாகப் பிடித்திருந்தால் மட்டும் பிளீச்சிங் பவுடர். கையில் ரப்பர் உறை போடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பவுடர் போதும். தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். அதைத் தொட்டியில் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு மூன்று தடவை அலசுங்கள். மருந்து வாசனை போகும்வரை அலச வேண்டும். இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. வினிகரும் கூடாது. சேர்த்தால் நச்சுப் புகை வரும். மூச்சை அடைக்கும். ஆளையே கொல்லும். குதிரை மூத்திரம் தேங்கிய இடத்திலும் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றாதீர்கள். அங்கேயும் கெட்ட புகை கிளம்பும்.

குதிரை குடிக்கும் தண்ணீரில் மயில்துத்தம் போடாதீர்கள். பாசி சாகும். ஆனால் துத்தமும் நஞ்சு. செத்த பாசியில் நஞ்சு இருந்தால் அதுவும் தண்ணீரில் கலந்துவிடும். பூச்சி மருந்து வந்த டிரம்மைத் தொட்டியாக்கவும் வேண்டாம்.

பின்னால் இருக்கும் அக்கா கேட்கிறார், "எங்கள் வீட்டில் குதிரை இல்லையே, எனக்கு எதற்கு இது?" நல்ல கேள்வி. அக்கா, உங்கள் வீட்டில் தண்ணீர் டிரம் இருக்கிறதா? டெங்கு பரப்பும் கொசு அந்த டிரம்மின் உள்பக்கத்தில்தான் முட்டை இடும். தண்ணீர் காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை தேய்த்தால் கொசு பிறக்காது. குதிரைக்குச் சொன்னது குழந்தைக்கும் பொருந்தும்.

"தண்ணீருக்கே பஞ்சம், எங்கே கழுவுவது?" என்றும் கேட்பீர்கள். உண்மைதான். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மேட்டில் ஏறி நம் ஊருக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டு கோடையில் எவ்வளவு பட்டோம்! குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எனவே ஒரு வழி சொல்கிறேன். தண்ணீர் வரும் நாளுக்கு முதல் நாள் தொட்டியில் தண்ணீர் அடியில்தான் இருக்கும். அன்றைக்குக் கழுவுங்கள். வீணாவது ஒரு வாளிகூட இராது. பிறகு தொட்டியை நிழலில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் பாசியும் குறையும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். அதைத் தொட்டிக்கும் பயன்படுத்துங்கள். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கழுவிய தேதியை எழுதுங்கள். அதன் கீழே, தினமும் எத்தனை வாளி ஊற்றினீர்கள் என்று கோடு போடுங்கள். கோடு குறைந்தால் குதிரை குடிக்கவில்லை என்று பொருள். உடனே தண்ணீரைப் பாருங்கள். குதிரையைப் பாருங்கள். அது வயிற்றைப் பார்த்தால், புரண்டால், காத்திருக்க வேண்டாம். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மருத்துவமனை உண்டு.

அன்று டாக்டர் கேட்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதி வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் தொட்டிக்குள் கை விட்டுப் பாருங்கள். வழுக்கினால் நாளைக் காலையே கழுவுங்கள்.