நெடுந்தூர ரேடியோவுக்கு எந்த ஆன்டெனா?



மேற்கு ஆஸ்திரேலியாவில் கேனிங் ஸ்டாக் ரூட் என்று ஒரு தடம் உண்டு. மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்வதற்காக நூறாண்டுகளுக்கு முன் ஆல்ஃபிரட் கேனிங் என்ற நில அளவையாளர் வகுத்தது. விலுனாவில் தொடங்கி ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். தார்ச் சாலை கிடையாது. மணல்மேட்டுக்குப் பின் மணல்மேடு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போகிறவர்களுக்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வழியில் பெரும்பகுதிக்குக் கைப்பேசி சிக்னல் இல்லை. அங்கே அச்சு முறிந்தாலோ, கூட வந்தவருக்கு நெஞ்சு வலித்தாலோ யாரைக் கூப்பிடுவது, எதைக் கொண்டு கூப்பிடுவது?

ஆஸ்திரேலியர்கள் நெடுங்காலமாக நம்பி வந்த வழி சிற்றலை ரேடியோ. இப்போது சாட்டிலைட் போன் வந்துவிட்டது, பலர் அதையும் எடுத்துச் செல்கிறார்கள். எடுத்துச் செல்லத்தான் வேண்டும். ஆனால் சாட்டிலைட் போனில் பேசினால் ஒருவர் காதில்தான் விழும். சிற்றலையில் பேசினால் அந்த அலைவரிசையில் காது வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் விழும். அவர்களில் ஒருவர் உங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி டயர் மாற்றிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் வி.கே.எஸ். 737 என்ற ஆஸ்திரேலிய வலையமைப்பு 1993 முதல் இன்றும் நடக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், சார்ட்டர்ஸ் டவர்ஸ் போன்ற ஊர்களில் அதற்குத் தள நிலையங்கள் உண்டு. குறித்த நேரத்தில் பயணிகளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த ரேடியோ வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பற்றியே விசாரிக்கிறார்கள்: எத்தனை வாட், எத்தனை சேனல், திரை உண்டா என்று. என்னைக் கேட்டால் பாதிப் பணத்தையும் முக்கால்வாசி யோசனையையும் வண்டிக்கு வெளியே நிற்கும் ஆன்டெனாவுக்குத்தான் ஒதுக்கச் சொல்வேன்.

அதற்குக் காரணத்தைச் சரித்திரத்திலேயே காட்டலாம். 1928-ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி ஊரிலிருந்து பறக்கும் மருத்துவரின் முதல் விமானம் கிளம்பியது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் பல வருடக் கனவு அது. விமானம் தயார், மருத்துவரும் தயார். ஆனால் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் மாட்டுப் பண்ணையில் கிடக்கும் நோயாளி அவரை எப்படிக் கூப்பிடுவார்? அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் வழி கண்டார். சைக்கிள் மிதிப்பது போல் காலால் மிதித்தால் மின்சாரம் வரும். கை சும்மா இருக்கும், மோர்ஸ் தட்டலாம். 1929-இல் அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில் முதல் பெடல் ரேடியோவைப் பொருத்தினார்கள். மிதித்துக் கிடைத்த மின்சாரம் 20 வாட் அளவுதான். அந்தச் சொற்ப மின்சாரம் பாலை கடந்து போய்ச் சேர்ந்தது என்றால், வீட்டுக்கு வெளியே உயரக் கம்பங்களுக்கு இடையில் நீளமான கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

இன்றைய வண்டி ரேடியோ 100 வாட் தருகிறது. ஆனால் வண்டியில் நிற்பதோ இரண்டு மீட்டர் குச்சி. கணக்கைப் பாருங்கள். 5,455 கிலோஹெர்ட்ஸ் என்பது வி.கே.எஸ். 737 வலையமைப்பின் அலைவரிசைகளில் ஒன்று. அந்த அலையின் நீளம் 55 மீட்டர். ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 14 மீட்டர். நாலு மாடி உயரத்துக்கு வண்டியில் கம்பி நட முடியுமா? குட்டைக் குச்சிக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, மின்சாரத்தை ஏமாற்றி, நீளமாக இருப்பது போல் நடிக்க வைக்கிறார்கள். அந்தச் சுருள் சூடாவதிலும் தரையில் கசிவதிலும் பெரும்பங்கு போய்விடுகிறது. 5 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் அனுப்பினால் ஆகாயத்தில் ஏறுவது சில வாட்தான். குச்சியை ஒரு சாண் கூட்டுவதும், சுருளை நல்ல கம்பியில் சுற்றுவதும், எர்த்தைச் சீராக்குவதும் இவ்வளவு பலன் தருவது இதனால்தான்.

வண்டிக்கு இரண்டு வகைக் குச்சிகள் கிடைக்கின்றன.

முதல் வகை டேப் (tap), அதாவது இடையிடையே இணைப்புத் துளை, வைத்த ஆன்டெனா. பெர்த் நகரில் தயாரான அவுட்பேக்கர் இந்த வகையில் பேர்பெற்றது. ஃபைபர் கிளாஸ் கம்பு. அதன் மேல் சுற்றிய செம்புக் கம்பியில் ஆங்காங்கே சின்னச் சாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசைக்கு. அடியிலிருந்து பிளக் வைத்த ஒயர் ஒன்று புறப்பட்டு, கம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போய், வேண்டிய சாக்கெட்டில் செருகிக்கொள்ளும். அலைவரிசை மாற வேண்டுமா, வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் செருக வேண்டும். மழையிலும் இதே வேலை, நள்ளிரவிலும் இதே வேலை. ஆனால் இதில் மோட்டார் கிடையாது, சர்க்யூட் கிடையாது, கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை. ஒயர் அறுந்தால் கத்தியும் ஒட்டுநாடாவும் இருந்தால் போதும், ஒட்டிவிடலாம்.

இரண்டாவது வகை தானாக டியூன் செய்துகொள்வது. அடிலெய்டின் கோடான், பெர்த்தின் பேரட் ஆகிய நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. அடியில் தடித்த உருளை, அதற்குள் சுருளும் மோட்டாரும் சிறு மூளையும். மேலே ஒல்லிக் குச்சி. ரேடியோவில் சேனலை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் ஆன்டெனா தன்னைச் சரிசெய்துகொள்ளும். விலை பல மடங்கு. எடையும் கூட. தூசும் நீரும் உருளைக்குள் புகுந்தால் காட்டில் வைத்துப் பழுது பார்ப்பது நடக்காத காரியம்.

எது நல்லது என்று கேட்டால் நான் வண்டியில் யார் போகிறார்கள் என்று கேட்பேன். ஓட்டுபவருக்கு மட்டும்தான் ரேடியோ தெரியும் என்ற நிலையில் கணவனும் மனைவியும் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விழுந்து கிடப்பவர் அந்த ஓட்டுநரேயானால்? அந்த நேரத்தில் இன்னொருவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எந்தத் துளை எந்த அலைவரிசைக்கு என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களுக்குத் தானியங்கிதான், கடன்பட்டாவது. நாலு பேர் சேர்ந்து போகும் குழுவில், எல்லோருக்கும் ஆன்டெனா பழக்கம் இருந்தால், டேப் வைத்ததே போதும். மிச்சப் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம். அந்த வேறு இடம், ஆன்டெனாவைப் பொருத்தும் இடம்தான்.

வானொலிக் கணக்குப்படி கூரையின் நடுவே நட்டால் உத்தமம். ஆனால் உருளை வைத்த ஆன்டெனாவின் எடையை மெல்லிய கூரைத் தகடு தாங்காது. சொரசொரவென்று அலையலையாய்க் கிடக்கும் மண் பாதையில் மணிக்கணக்கில் குலுங்கினால் தகடே கிழியும். கிளையும் இடிக்கும். ஆகவே முன்னால் புல்பார் எனும் இரும்புத் தடுப்பிலோ, பின்னால் மூலையில் உதிரிச் சக்கரத்தின் தாங்கியிலோ பொருத்துகிறார்கள். புல்பாரில் இருந்தால் கண் முன்னே நிற்கும், ஆடுகிறதா உடைகிறதா என்று பார்க்கலாம். எஞ்சின் பக்கத்தில் இருப்பதால் இரைச்சல் கூடுதல். பின்னால் வைத்தால் இரைச்சல் குறையும், ஆனால் முறிந்து விழுந்தாலும் ஐம்பது கிலோமீட்டர் போன பிறகே தெரியவரும். தாங்கி கனத்த இரும்பாக இருக்கட்டும். மெல்லிய பட்டை முதல் நாள் உறுதியாகத் தோன்றும். குலுக்கலில் களைத்து வெல்டிங் ஓரமாகக் கீறல் விடும்.

அடுத்தது எர்த். ஆன்டெனா என்று நாம் சொல்வது பாதிதான். மறுபாதி வண்டியின் உடம்பு. அந்தக் குச்சிக்கு எதிர்முனையாக நிற்பது இந்த இரும்பு முழுவதும்தான். தாங்கியை பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கினால் ரேடியோவுக்கு வண்டி இருப்பதே தெரியாது. சுரண்டிப் பளபளவென்று உலோகம் தெரிய வேண்டும்; பிறகு துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவ வேண்டும். புல்பாருக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் பாடிக்கும், பாடிக்கும் போனட்டுக்கும், பாடிக்கும் கதவுக்கும் நடுவில் தட்டையான செம்புப் பின்னல் பட்டையைக் குட்டை குட்டையாக இணைக்க வேண்டும். திறந்து மூடும் உதிரிச் சக்கரத் தாங்கியின் கீல் எர்த்துக்கு நம்பிக்கையானதல்ல; அதன் குறுக்கே ஒரு பட்டை கட்டாயம். இதே பட்டைகள் எஞ்சின், எரிபொருள் பம்ப் எழுப்பும் இரைச்சலையும் அடக்கும். சோலார் ரெகுலேட்டர், மலிவு எல்.இ.டி. விளக்கு, ஃபிரிட்ஜ் இவற்றின் கீச்சொலி வேறு. கேட்கும்போது அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பேசும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் அந்தக் குச்சியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். தொட்டால் தோல் சுடும். பிள்ளைகளை வண்டியில் சாய்ந்து நிற்க விடாதீர்கள்.

இனி, அலை எங்கே போய் விழுகிறது என்ற கணக்கு. பி.பி.சி. தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். லண்டன் குரல் ஏறும், இறங்கும், சில நாள் பக்கத்து வீட்டில் பேசுவது போல் இருக்கும், சில நாள் கரைந்தே போகும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணமான அயனி மண்டலம்தான் பாலைவனத்திலும் வேலை செய்கிறது. தரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று. அதில் பட்டு அலை கீழே திரும்புகிறது. ஹோஸ் குழாயைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் தூரப் போய் விழும், நேர் மேலே பிடித்தால் நம்மைச் சுற்றியே விழும் அல்லவா, அதே கதை. வண்டியில் நிமிர்ந்து நிற்கும் குச்சி அலையைச் சாய்வாக அனுப்புகிறது. ஆயிரம் கிலோமீட்டரில் உள்ள தள நிலையம் உங்களைத் தெளிவாகக் கேட்கும். இருநூறு கிலோமீட்டரில் உள்ள பண்ணைக்குப் பெரும்பாலும் எட்டாது.

இந்தக் குறைக்கு மருந்து மிக மலிவானது. முகாம் போட்டதும் கட்டுவதற்கு ஒரு கம்பி ஆன்டெனா வைத்துக்கொள்ளுங்கள். 5,455 கிலோஹெர்ட்ஸுக்கு என்றால் இருபக்கமும் 13 மீட்டர் சொச்சம், நடுவில் கேபிள். மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டினாலே அலை நேர் மேலே போய்ச் சுற்றிலும் இறங்கும். பக்கத்துப் பண்ணைக்கும் எட்டும். வெறும் கம்பியாக இருந்தாலும் முழு நீளம் என்பதால் விலையுயர்ந்த எந்தக் குச்சியையும் மிஞ்சும். மரமில்லாத இடத்துக்கு நீளமான ஃபைபர் கிளாஸ் மடக்குத் தூண்டில் கம்பு ஒன்றைக் கூரையில் கட்டிக்கொள்கிறார்கள், அதுவே கம்பம். இரண்டு வகையில் எந்தக் குச்சியை வாங்கினாலும் இந்தக் கம்பிச் சுருள் இல்லாமல் கிளம்பாதீர்கள். வண்டி உருண்டு குச்சி முறிந்துபோனால் கைவசம் இருக்கும் ஒரே ஆன்டெனா அதுதான்.

அலைவரிசைக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு எளிது. வெயில் உச்சியில் இருக்கும்போது மேலே உள்ள எண்கள், 11 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். இருட்டிய பிறகு கீழே உள்ளவை, 5 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும். நடுவே எட்டைச் சுற்றி. தூரம் கூடினால் எண்ணும் கூடும். இதை ஒரு சிறு அட்டையில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

எல்லாம் பொருத்தியதும், அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து ஒவ்வொரு அலைவரிசையிலும் சோதிக்க வேண்டும், அதுவும் பயணத்துக்கு ஏற்றிய சாமானோடு. கூரையில் ஜெர்ரி கேனும் கூடாரமும் ஏறினால் டேப் ஆன்டெனாவின் டியூனிங் நகர்ந்துவிடும். வெறும் வண்டியில் பார்த்து வைத்த கணக்கு பாலைவனத்தில் பொய்த்துப் போகும். சோதனைக்கு உரிமம் வேண்டும், அழைப்புக்குறி வேண்டும். வலையமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால் இரண்டுக்கும் வழி சொல்வார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, மாலை அழைப்பில் ஒருமுறை, மறுநாள் காலை அழைப்பில் ஒருமுறை, வண்டியில் வரப்போகிற ஒவ்வொருவரும் தன் கையால் மைக்கைப் பிடித்துத் தள நிலையத்தோடு பேசிப் பாருங்கள். பின்சீட்டுப் பாட்டியும் பேசட்டும்.