தொண்டும் இல்லறமும்



ஆதரவு இல்லங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், குடும்பத்தையும் பணி உயர்வையும் ஒருசேரக் காப்பது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தாம்பரம், முடிச்சூர், வண்டலூர்ப் பகுதிகளிலிருந்து சமூகப்பணிக் கல்வி முடித்த நம் இளைஞர்கள் பலர் இத்துறைக்கு வருகிறார்கள். முதியோரையும் நோயாளரையும் பேணுகிறார்கள். ஆயினும் திருமணமாகி ஒரு குழந்தை பிறந்தவுடன், பெண்களுள் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். "அவர்களுக்குத் தொண்டுள்ளம் போதவில்லை" என்று நிர்வாகிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தொண்டு என்னும் சொல் உயர்ந்தது. ஆனால் அச்சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பதும், நேரங்காலமின்றி உழைக்கச் சொல்வதும் உயர்ந்தவை அல்ல. நம் முன்னோர் வெட்டி வேலை அறிந்தவர்கள். இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் நிலமின்றி, கடனில் கட்டுண்டு உழைத்த நிலையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதினார். மறு ஆண்டில் பஞ்சமி நில ஆணை பிறந்தது அதன் விளைவே. ஊதியம் கேட்கும் உரிமைக்காக இத்தனை காலம் போராடிய சமூகம், தன் பிள்ளைகள் தொண்டின் பெயரால் அவ்வுரிமையை இழப்பதைப் பெருமையாகக் கொள்ளலாமா?

அண்ணல் அம்பேத்கரின் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். 1920 முதல் 1923 வரை அவர் இலண்டனில் பயின்றபோது, பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய் அம்மையார். பெற்ற பிள்ளைகள் ஐவருள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். 1935-இல் தாமும் மறைந்தார். பாகிஸ்தான் குறித்துத் தாம் எழுதிய நூலை அண்ணல் அவருக்கே உரிமையாக்கினார். நம் விழாக்களில் அந்த அம்மையாரைத் தியாகத்தின் உருவம் என்று போற்றுகிறோம். போற்றுவது முறையே. ஆனால் அத்தியாகத்தை இன்றைய மருமகளிடமும் எதிர்பார்ப்பது முறையன்று. அன்று வேறு வழியில்லை, இன்று இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-இல் திருமணத்திற்கு இசையும்போதே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் மருத்துவப் பணியில் குறுக்கிடக் கூடாது என்று சொல்லி, அதற்கு இசைந்தவரையே மணந்தார். பின்னர் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அமையக் காரணமானார். அவருடைய மகனும் அம்மருத்துவமனையிலேயே பணியாற்றினார். ஆனால் அவர் கணவரும் மருத்துவர், வசதியான குடும்பம். நம் வீட்டுப் பெண்ணுக்குச் சமையலுக்கு ஆள் இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோதான் உண்டு. ஆகவே அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அவருடைய வசதியன்று. முன்கூட்டியே பேசி முடிவு செய்த அந்தத் துணிவு. பெண் பார்க்கச் செல்லும்போது நகையைப் பற்றிப் பேசுகிறோம். இரவுப் பணி வந்தால் குழந்தையை யார் பார்ப்பது என்று பேசுகிறோமா?

இரவுப் பணிதான் முடிச்சு. கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் ஒரு தாய் விடியலில் எழுந்து, சமைத்து, மின்சார இரயிலைப் பிடித்து, பின் பேருந்தும் மாறி அடையாற்றிலுள்ள ஓர் இல்லத்தை அடைகிறாள். மாலையில் அதே வழி. நான் பணிபுரிந்த ஓர் இல்லத்தில், இரவு தங்க இயலாதவர் காப்பாளராகவோ மேற்பார்வையாளராகவோ உயர முடியாது என்பது எழுதப்படாத சட்டம். அந்த ஒன்றே தாய்மாரைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவைத்தது. பகலில் அவர்கள் காட்டிய திறமையை எவரும் கணக்கிடவில்லை. இரவுப் பொறுப்பை மாதமுறையில் பலருக்குப் பகிர்ந்து, மேற்பார்வைப் பதவியைப் பகல்நேரத் தகுதியைக் கொண்டு அளித்தால் இல்லம் இடிந்து விழாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சலுகைச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் ஆயிற்று. பத்துப் பேருக்கும் குறைவானோர் உள்ள சிறிய இல்லங்களுக்குச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. அங்கெல்லாம் வேலைக்குச் சேரும் நாளிலேயே விடுப்பு, ஊதியம், பணிநேரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் என்று சொல்வார்கள்; சொல்லட்டும்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு சொல். செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 1957-இல் தேர்வு பெற்ற என். சிவராஜ் அவர்கள், மேடையில் தனித்து நின்றவர் அல்லர். அவர் துணைவியார் அன்னை மீனாம்பாளும் நம் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். கணவன் மனைவி இருவருமே பொதுவாழ்வில் முன்னேறலாம் என்பதற்கு வெளியில் சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் உலை வைப்பதும், பிள்ளையின் பாடத்தைப் பார்ப்பதும் மனைவியின் கடமை என்று நீங்கள் எண்ணியிருக்கும் வரையில், எந்த நிறுவனம் எத்தனை விடுப்பு அளித்தும் பயனில்லை.

முடிவாக, நம் சங்கத்திற்கே ஒரு வேண்டுகோள். நம் செயற்குழு வார நாட்களில் இரவு எட்டு மணிக்குக் கூடுகிறது. அது பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம். இருபத்தைந்து ஆண்டுகளில் அக்குழுவில் மகளிர் மிகச் சிலரே இருந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிறு முற்பகலில் கூட்டுங்கள். பிள்ளைகள் விளையாட மாலைப் பள்ளி அறையைத் திறந்துவிடுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆண்கள் முன்வரட்டும். யார் அந்த இருவர் என்பதை இக்கூட்டம் கலைவதற்குள் தலைவர் அவர்கள் அறிவித்தால் மகிழ்வேன்.