அழைத்துத் தரும் அட்டையும் அதன் விலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தமிழாசிரியனுக்கும் கடனட்டைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவாரும் இவ்வவையில் இருத்தல் கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பது எம் தொழில். 'அழைப்பு', 'தகுதி', 'சிறப்பு', 'கடன்' என்னும் நான்கு சொற்களை ஒரு சிறு தகட்டின்மேல் ஏற்றி விலை கூறும் வணிகம் ஒன்று உலகில் நடைபெறுமாயின், அச்சொற்களின் உண்மைப் பொருள் யாதென நோக்குதல் எம் தொழிலுக்குப் புறம்பானதன்று.

மற்றொரு காரணமும் உண்டு. நம்மவர் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்க நாட்டிலும் நல்ல ஊதியம் பெற்று வாழ்கின்றனர். 'தங்களைத் தனியே தேர்ந்தெடுத்து அழைக்கின்றோம்' என்னும் முகவுரையோடு அவர்களுக்கு மடல்கள் வருகின்றன. மணம் பேசுமிடத்து, மாப்பிள்ளை வைத்திருக்கும் அட்டையின் பெயரையும் அவர்தம் தகுதிகளுள் ஒன்றாக எடுத்துரைப்பார் நம்மிடையே மெல்லத் தோன்றுகின்றனர். ஆகலின், அழைப்பின்பேரில் மட்டும் வழங்கப்படும் உயர்விலை அட்டைகள் தம் கட்டணத்துக்குத் தக்க பயனைத் தருவனவா என்பதை, விருப்பு வெறுப்பின்றி, ஒரு வரவு செலவுக் கணக்காகவே ஆராய்ந்து பார்ப்போம்.

இவ்வகை அட்டைகளுள் தலையாயதாகப் பேசப்படுவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தார் வழங்கும் 'செஞ்சூரியன்' அட்டையாகும். செஞ்சூரியன் என்பது பண்டை உரோமானியப் படையில் நூற்றுவர் தலைவனைக் குறித்த சொல். அட்டை கருநிறமுடையதாகலின் உலகத்தார் அதனைக் 'கருப்பு அட்டை' என்றே வழங்குகின்றனர். இதனை விண்ணப்பம் எழுதிக் கொடுத்த அளவிற் பெறுதல் இயலாது. நிறுவனத்தார் அழைத்தல் வேண்டும். ஆண்டுக்கு எத்துணைச் செலவு செய்வாரை அழைப்பர் என்பதையும் அவர் வெளியிடுவதில்லை.

இவ்வட்டை பிறந்த வரலாறு நாம் கருதத்தக்கது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1850-ஆம் ஆண்டில், பொதிகளை ஓரூரிலிருந்து மற்றோரூர்க்குக் கொண்டுசேர்க்கும் நிலையமாகத் தோன்றியது. 1950-இல் டைனர்ஸ் கிளப் என்னும் வேறொரு நிறுவனம், உணவு விடுதியில் உடனே பணங்கொடாது உண்டு பின்னர்க் கணக்குத் தீர்க்க உதவும் அட்டையை வெளியிட்டது. அதனோடு போட்டியிட்டு 1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் முதல் அட்டையைக் கொணர்ந்தபொழுது, டைனர்ஸ் கிளப்பின் ஆண்டுக் கட்டணம் 5 டாலராக இருக்க, தன் கட்டணத்தை 6 டாலராக வைத்தது. புதிதாகக் கடை திறப்பார் விலையைக் குறைத்தல் சந்தையின் இயல்பு. இந்நிறுவனமோ கூட்டி வைத்தது. கூட்டிய அந்த ஒரு டாலர் எப்பொருளுக்கும் விலையன்று; 'எம்முடையது உயர்ந்தது' என்னும் எண்ணத்துக்கு விலை. பின்னர் வந்த கருப்பு அட்டை, அந்த ஒரு டாலரின் பேரப்பிள்ளை என்க.

1966-இல் தங்க அட்டை வந்தது. 1984-இல் அதனினும் உயர்ந்ததாகப் பிளாட்டினம் அட்டை வந்தது. அஃதும் தொடக்கத்தில் அழைக்கப்பட்டார்க்கே உரியதாயிருந்தது. அதன் ஆண்டுக் கட்டணம் 250 டாலர். இன்றோ, அதற்கு எவரும் விண்ணப்பிக்கலாம். கட்டணமோ அமெரிக்காவில் 2025-ஆம் ஆண்டில் 895 டாலராக உயர்த்தப்பட்டது. வாயில் அகன்றது, வாயிற் கட்டணமும் உயர்ந்தது.

இதற்கிடையில், மிகப் பெருஞ்செல்வர்க்கு மட்டும் மறைவாக ஒரு கருப்பு அட்டை வழங்கப்படுகின்றது என்னும் வதந்தி மக்களிடையே உலவிற்று. அப்படி ஓர் அட்டை அப்பொழுது இல்லை. நிறுவனத்தார் அவ்வதந்தியையே மூலதனமாகக் கொண்டு 1999-இல் செஞ்சூரியன் அட்டையை வெளியிட்டனர். நெருப்பின்றிப் புகையாது என்பர். ஈண்டுப் புகை முன்னே எழ, நெருப்பைப் பின்னர் மூட்டினர். முதற்கண் அதன் ஆண்டுக் கட்டணம் 1,000 டாலராயிருந்தது. அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் நுழைவுக் கட்டணம் 10,000 டாலராகவும் ஆண்டுக் கட்டணம் 5,000 டாலராகவும் ஏறி நின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்வட்டையை ஐந்தாண்டு வைத்திருப்பவர் கொடுப்பது எவ்வளவு? நுழைவுக்கு 10,000; ஆண்டுக்கு 5,000 வீதம் 25,000; ஆகக் கூடுதல் 35,000 டாலர். பிளாட்டினம் அட்டையை அதே ஐந்தாண்டு வைத்திருப்பவர் 895 டாலர் வீதம் 4,475 டாலர் கொடுப்பார். வேற்றுமை 30,525 டாலர்; அதாவது ஆண்டொன்றுக்கு 6,105 டாலர். ஆகவே, 'கருப்பு அட்டை நல்லதா?' என்பதன்று கேட்கத்தக்க வினா. 'பிளாட்டினம் அட்டை தாராத பயன் ஆண்டுதோறும் 6,105 டாலருக்கு இதனால் எமக்கு வருமா?' என்பதே வினா.

வானூர்தி நிலையங்களில் இந்நிறுவனத்தார் அமைத்துள்ள ஓய்வுக்கூடங்களுக்குச் 'செஞ்சூரியன் கூடம்' என்றே பெயர்; முதலாவது கூடம் 2013-இல் லாஸ் வேகாஸ் நகரில் திறக்கப்பட்டது. பெயர் கருப்பு அட்டையினுடையது. பிளாட்டினம் அட்டையுடையாரும் அதனுட் புகலாம். விடுதி அறை, பயணச் சீட்டு முதலியவற்றை ஏற்பாடு செய்து தரும் உதவியாளர் இருவகை அட்டைக்கும் உண்டு. கருப்பு அட்டையுடையார்க்கு அவ்வுதவி இன்னும் நெருக்கமாக அமையும். பொதுவான செலவுக்கு இரண்டும் ஒரு டாலருக்கு ஒரு புள்ளியே தருவன. கருப்பு அட்டை மிகுதியாகத் தருவன, சில வானூர்தி நிறுவனங்களிலும் விடுதிகளிலும் உயர்நிலை உறுப்புரிமை, தெரிந்தெடுத்த கடைகளிற் சலுகை, உடன் வருவார்க்கு மிகுதியான இடம் முதலியனவாம்.

இவற்றை மதிப்பிடுமிடத்து ஒரு நெறியைக் கைக்கொள்ளுதல் வேண்டும். சலுகையை அதன்மேற் பொறித்த தொகையால் எண்ணலாகாது. அட்டை இல்லாதிருப்பினும் நம் பணத்தைக் கொடுத்து அதனை வாங்கியிருப்போமா என்று வினவி, வாங்கியிருப்போமாயின் கணக்கில் எழுதலாம். அன்றேல் சுழியம் இடல் வேண்டும். 500 டாலர் சலுகை உண்டென்று, வேண்டாத ஆடையை 700 டாலருக்கு வாங்குவார், 500 பெற்றாரல்லர், 200 இழந்தாராவர். ஆண்டில் இருமுறை மட்டும் வானூர்தி ஏறுவார்க்கு உயர்நிலை உறுப்புரிமை, நீந்தத் தெரியாதான் வாங்கிய படித்துறை போல்வது.

அங்ஙனமாயின், இவ்வட்டையாற் பயன்பெறுவார் எவருமே இலரோ எனின், உளர். மாதத்திற் பாதி நாளைப் பயணத்திற் கழிக்கும் பெருவணிகர்க்கு, ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றித் தரும் உதவியாளர் ஓராண்டுக் கட்டணத்தை ஒரே வாரத்தில் ஈடுசெய்தலும் கூடும். சீன நாட்டுச் செல்வர் லியு யிச்சியான் என்பார், 2014-இல் ஹாங்காங் நகரிற் சாதபிஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில், மிங் பேரரசர் காலத்துக் கோழியுருத் தீட்டிய சிறு கிண்ணமொன்றை 3 கோடியே 60 லட்சம் டாலர் அளவில் எடுத்து, அத்தொகையைத் தம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையை 24 முறை தேய்த்துச் செலுத்தினார். அக்கிண்ணத்திலே தேநீரும் அருந்தினார். அத்துணைச் செலவு செய்வார்க்கு 5,000 டாலர் ஒரு பொருட்டன்று. சேரும் புள்ளிகளோ மிகப் பல. அவர் செய்தது அவர்க்குத் தகும். அவர் கையிலுள்ளது நம் கையிலும் இருப்பின் நாமும் அவரை ஒப்போம் என்று கருதுதலே தகாதது.

கணக்கில் எழுத இயலாத பகுதி ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதுவே பலரும் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது. அது 'பிறர் புகமுடியாத இடத்தில் யாம் புகுந்தோம்' என்னும் உணர்ச்சி. பசிக்கு உண்ட சோறு, பக்கத்து வீட்டார் அறியினும் அறியாவிடினும் பசியைத் தீர்க்கும். இவ்வுணர்ச்சியோ பிறர் கண்டாலன்றி நில்லாது. பிறரும் பெற்றுவிட்டாலோ அன்றே அழியும். தங்க அட்டையின் பெருமையைப் பிளாட்டினம் தேய்த்தது. பிளாட்டினத்தின் பெருமையைக் கருப்பு அட்டை தேய்த்தது. மேலும் ஒரு மாடி கட்டும் உரிமை வீட்டுக்காரரிடமே உள்ளது. வாடகை கொடுப்பார்க்கு அவ்வுரிமை இல்லை.

'அழைப்பு' என்னும் சொல்லையும் நோக்குமின். நம் மரபில் அழைத்தவர் செலவு செய்வார், வந்தவர் உண்பார். இலை போட்டபின் அதற்கு விலை கேட்பாரை விருந்தோம்புவார் என்று எவரும் கூறார். 'திருமணத்தில் மொய் எழுதுகின்றோமே' என்று சிலர் கூறலாம். மொய் நம் வீட்டு விழாவில் நம்மிடமே திரும்பி வருவது; பெயரும் தொகையும் ஏட்டில் எழுதிக் காக்கப்படுவது. வாயிலில் நின்று 10,000 டாலர் பெற்றுக்கொண்டு உள்ளே விடுவதற்குத் தமிழிற் பெயர் நுழைவுக் கட்டணம் என்பதே, அழைப்பு என்பதன்று.

அட்டை தரும் சலுகைகளுக்கு வேறு சிலரும் விலை கொடுக்கின்றனர் என்பதை நம்முட் கடை வைத்திருப்பார் நன்கறிவர். அட்டையால் ஒருவர் பொருள் வாங்குந்தோறும், கடைக்காரர் நூற்றுக்கு இரண்டு மூன்று என்னும் அளவில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கின்றார். அப்பங்கு மெல்ல மெல்லப் பொருளின் விலையில் ஏறுகின்றது. அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்து மைய வங்கிக் கிளையின் ஆராய்ச்சியாளர் 2010-இல் இதனைக் கணித்து, ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரி 149 டாலரை இவ்வழியே அட்டையுடைய குடும்பங்களுக்குத் தருகின்றது என்றும், அட்டையுடைய குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகின்றது என்றும் எழுதினர். ஒருவர் 'இலவசமாக' அமர்ந்திருக்கும் கூடத்தின் நாற்காலிக்கு, அக்கூடத்தை ஒருநாளும் காணாதார் பலர் சல்லி சல்லியாகக் கொடுத்துள்ளனர் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டிலும் அழைப்பின்பேரில் வழங்கப்படும் அட்டைகள் சில உள. அவற்றின் கட்டணம் அமெரிக்கத் தொகையை நோக்கச் சிறிதே. அக்கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் சேரும். ஆயின் நம்மவர்க்குத் தீங்கு பெரும்பாலும் கட்டணத்தால் வருவதன்று, வட்டியால் வருவது. செஞ்சூரியன் அடிப்படையில் மாதந்தோறும் முழுத்தொகையையும் தீர்க்கவேண்டிய அட்டை. நம் வங்கிகள் தரும் கடனட்டைகளோ, சிறு பகுதியைக் கட்டி எஞ்சியதை நிறுத்திவைக்க இடந்தருவன. அங்ஙனம் நின்ற 1 லட்சம் ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை வீதம் வட்டியெனின், மாதம் 3,500 ரூபாய். வட்டிக்கு வட்டி சேராமலே ஆண்டுக்கு 42,000 ரூபாய். அந்த லட்சத்தைச் செலவிட்டுப் பெற்ற புள்ளிகளின் பெறுமானத்தைப் பெரும்பாலும் ஒரு மாத வட்டியே விழுங்கிவிடும். ஆண்டுக்கு நூற்றுக்கு 30-க்கு மேற்பட்ட வட்டி முறையற்றதென்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறிய முடிவை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆகலின் நம்மைக் காக்கும் வேலி நாமே கட்டிக்கொள்ளவேண்டிய வேலியாம்.

'கடன்' என்னும் சொல் தமிழில் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். அட்டையால் வாங்குங்கால் முதற்பொருள் தோன்றுகின்றது. மாத முடிவில் இரண்டாவது பொருள் தோன்றுகின்றது. திருவள்ளுவனார் வரவு செலவின் அளவைப் பற்றிய குறள்களைப் 'பொருள் செயல்வகை' என்னும் அதிகாரத்தில் வையாது, 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தன் வருவாயின் எல்லையை அறிதல், படைவலியை அறிதல் போன்றதோர் ஆற்றல் என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

முடிவாக, அழைப்பு மடல் பெறும் இளைஞர்க்கு மூன்று வினாக்களைக் கூற விழைகின்றோம். ஒன்று: இதற்கு அடுத்த கீழ்ப்படி அட்டை தாராத எப்பயனை இது தருகின்றது? இரண்டு: அப்பயனை அட்டையின்றியும் விலை கொடுத்து வாங்கியிருப்பீரோ? மூன்று: நிறமும் பெயருமற்ற வெள்ளை அட்டையாக, எவர் கண்ணிலும் படாததாக இது தரப்படினும் இக்கட்டணத்தைக் கொடுப்பீரோ? மூன்றுக்கும் நெஞ்சறிய விடை நன்றாக அமையின், தடையின்றிப் பெற்றுக்கொள்க. அது நல்ல வணிகமே. மூன்றாம் வினாவில் நெஞ்சு தயங்குமாயின், கொடுக்கும் பணம் அட்டைக்கன்று, பிறர் கண்ணுக்கு என்று தெளிக. எம் ஆராய்ச்சியில், நம்மவருள் மிகப் பெரும்பாலார்க்கு இவ்வட்டை கட்டணத்துக்குத் தக்க பயனைத் தருவதன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இளைஞர் பிறர் கண்ணுக்காகச் செலவிடுகின்றனர் என்றால், அக்கண்களுள் நம் கண்களும் உள. மணம் பேசுமிடத்து அட்டையின் நிறத்தை வினவாதீர். 'மாதக் கணக்கை மாதந்தோறும் முழுதும் தீர்க்கும் வழக்கம் உண்டா?' என்று வினவுமின். ஆம் என்னும் விடை தருவான் கையில் எந்த அட்டை இருப்பினும், அட்டையே இல்லாதிருப்பினும், அவனை நம்பிப் பெண் கொடுக்கலாம்.