பெட்டியின் மேல் உள்ள ஒரு சொல்



பொருள் வாங்கும்போது நாம் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்றை விளக்க, இன்று ஒரு விளையாட்டு இரயில் வண்டியை எடுத்துக்கொள்வோம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைக்கும் நமக்கு இரயில் பொம்மையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று கைத்தொலைபேசி வழியாக வெளிநாட்டுக் கடைகளும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. பிள்ளை ஆசைப்பட்டான் என்று மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள், பெட்டியைத் திறந்ததும் ஓடாமல் நின்றால் எப்படி இருக்கும்? பணமும் போயிற்று, பிள்ளையின் முகமும் வாடிற்று என்றாகிவிடும்.

முதலில் இந்த வண்டி ஓடும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். பிரிட்டனில் பெரிதும் விற்பனையாகும் மாதிரி இரயில், உண்மை வண்டியின் 76இல் ஒரு பங்கு அளவுள்ளது. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பழைய முறையில், தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை நேர் மின்னோட்டம் பாயும். அதைச் சக்கரங்கள் வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். குமிழைத் திருகி மின்சாரத்தைக் கூட்டினால் வண்டி விரைந்து ஓடும். குறைத்தால் மெல்ல ஓடும். ஒரே பாதையில் இரண்டு இயந்திரங்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இந்தக் குறையைப் போக்க வந்ததே டிஜிட்டல் முறை. அவற்றுள் பரவலாக வழங்குவது டி.சி.சி. என்பதாகும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990களில் இதற்குப் பொது விதிகளை வகுத்தது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அது நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்கள் நீண்டும் குறுகியும் வருவதே கட்டளையின் எழுத்து. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் டிகோடர் என்னும் சிறிய மின்னணுப் பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் உண்டு. தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் டிகோடர் ஏற்று நடத்தும். ஆகவே பல வண்டிகளை ஒரே பாதையில் தனித்தனியே ஓட்டலாம்.

இங்கேதான் விளம்பரத்தின் சாமர்த்தியம் தொடங்குகிறது. பெட்டியின் மேல் "டி.சி.சி. ரெடி" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். டிஜிட்டல் முறைக்குத் தயார் என்றுதானே நாம் நினைப்போம்? உண்மையில் உள்ளே டிகோடர் இருக்காது. அதைச் செருகுவதற்கான இடம் மட்டுமே இருக்கும். விளக்கு மாட்டும் ஹோல்டர் இருக்கிறது, பல்பு இல்லை என்பதைப் போன்றது இது. டிகோடரைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். அதிலும் 6 ஊசி, 8 ஊசி, 21 ஊசி என்று வகைகள் உண்டு. வகை மாறினால் பொருந்தாது. டிகோடர் உள்ளேயே இருந்தால் "டி.சி.சி. ஃபிட்டட்" என்று குறிப்பிடுவார்கள். "சவுண்ட் ரெடி" என்றாலும் ஒலி வரும் என்று நம்பிவிடக் கூடாது. பல வண்டிகளில் ஒலிபெருக்கி வைக்க இடம் மட்டும் விட்டிருப்பார்கள்.

டிகோடர் இல்லாத வண்டியை டிஜிட்டல் பாதையில் வைத்தால் என்ன ஆகும்? அது ஓடாமல் உறுமும், மோட்டார் சூடேறும், நெடுநேரம் விட்டால் கருகியும் போகலாம்.

"டிஜிட்டல்" என்ற சொல்லை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஹார்ன்பி நிறுவனம் 1979இல் வெளியிட்ட ஸீரோ ஒன் என்பதும் டிஜிட்டல் முறைதான். ஆனால் அது டி.சி.சி. முறையோடு ஒத்துப்போகாது. ஜெர்மனியின் மார்க்லின் வண்டிகள் பலவற்றுக்குத் தண்டவாளத்தின் நடுவிலிருந்தும் மின்சாரம் வேண்டும்; சாதாரண இரண்டு தண்டவாளப் பாதையில் அவற்றை அப்படியே வைத்து ஓட்ட முடியாது. பழைய பொருளை வாங்குவோர் இதை மறக்கலாகாது.

இந்த விளம்பரங்களில் பொய் எங்கே என்று தேடினால் அகப்படாது. பழகியவர்களுக்கு "ரெடி" என்பதன் பொருள் தெரியும். புதிதாக வாங்கும் தகப்பனுக்குத் தெரியாது. சொல் மெய்யாக இருந்தும் நினைப்பு பொய்யாகிவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். ஓடுவதற்குத் தேவையான எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றனவா? இல்லையென்றால் இன்னும் எதை, என்ன விலைக்கு வாங்க வேண்டும்? நம் வீட்டில் இருக்கும் கருவியோடு இது சேருமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வோம். இரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் நமக்கு வழி இல்லாமல் இல்லை. தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரங்களை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில், மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பணத்தை மீட்பது எளிதன்று. எனவே வாங்குமுன் கேட்பதே மேல்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள். பெட்டியின் மேல் உள்ள பெரிய எழுத்தோடு, பின்புறத்துச் சிறிய எழுத்தையும் அவர்களை உரக்கப் படிக்கச் சொல்வோம். இரயிலுக்கு மட்டுமல்ல, தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் அந்தப் பழக்கம் உதவும். "ரெடி" என்று கண்டால், "எது இல்லை?" என்று கேட்கப் பழகுவோம்.