சாம்பல் சொல்லும் செய்தி



இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியலிற் கிளறி மீண்டும் தீ மூட்டும் வழக்கத்தை நம் தாய்மார் நன்கு அறிவர். மேலே சூடு தெரியாது. உள்ளே நெருப்பு உறங்கிக் கிடக்கும். சாம்பற்றுகள்கள் ஒன்றையொன்று சிறு முனைகளிலேயே தொடுகின்றன. இடைவெளிகளிற் காற்று அடைபட்டிருக்கிறது. ஆதலால் வெப்பம் மெல்லவே கடந்து செல்கிறது. அப்படியாயின், வெப்பம் செல்லும் வேகத்தை அளந்தால், ஒரு பொருளை உடைக்காமலே அதன் உள்ளமைப்பை ஓரளவு அறியலாம் அன்றோ?

இம்முறையாற் சந்திரனின் தரையையே விஞ்ஞானிகள் சோதித்தனர். 1927ஆம் ஆண்டு யூன் மாதச் சந்திர கிரகணத்தின்போது, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தில் பெற்றிற், நிக்கல்சன் என்னும் இருவர் அதன் வெப்பநிலையை அளந்தனர். பூமியின் நிழல் படர்ந்த சில மணி நேரத்துள், கொதித்துக் கிடந்த தரை உறைபனியினும் மிகக் குளிர்ந்தது. திண்ணிய பாறையாயின், உள்ளிருந்து வெப்பம் மேலேறி அக்குளிர்ச்சியைத் தாமதப்படுத்தியிருக்கும். 1948இல் ஒல்லாந்து வானியலாளர் வெசலிங் கணக்கிட்டு, இத்துணை அரிதாக வெப்பத்தைக் கடத்துவது வெற்றிடத்திற் கிடக்கும் நுண்டூளே என்று காட்டினார். அங்கே துகள்களிடையே காற்றும் இல்லை.

அத்தூளின் ஆழம் எவ்வளவு? கிரகணம் குறுகியது, அதன் குளிர்ச்சி மேற்பரப்பின் மெல்லிய படையையே தீண்டும். எனவே அவ்வளவை கொண்டு ஆழத்தைக் கூற இயலவில்லை. 1955இல் தோமஸ் கோல்ட் ஆழ்ந்த தூசிப்படை இருக்கலாம் என்றார். இறங்கும் கலம் புதைந்துவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. 1966இல் உருசியாவின் லூனா 9, அமெரிக்காவின் சேர்வேயர் 1 ஆகியன புதையாது தரையில் நின்றபோதே அவ்வச்சம் நீங்கியது.

1971இல் அப்பலோ 15இன் வீரர் டேவிட் ஸ்கொற் வெப்பமானிகளைப் புதைக்கத் துளையிட்டார். ஆழம் செல்லச் செல்ல மண் இறுகியிருந்தமையால், எண்ணிய ஆழத்தைத் துளைகருவி எட்டவில்லை. எனினும் பதித்த கருவிகள் உண்மையைக் கூறின: ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழத்திற் பகலிரவு வேறுபாடே உணரப்படவில்லை, மேற்றூளினும் கீழ்மண் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்திற்று.

குறுகிய சோதனை மேற்பரப்பையே காட்டும். ஆழத்தை அறிய நீண்ட காலம் வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சையால் மாணவரை மதிப்பிடும் என் போன்ற ஆசிரியர், இதனை மறத்தலாகாது.